கடைசி மணிக்கு வந்தவனுக்கும் முழுப்பேரா?

கேள்வி: பண்டாரவளைப் பக்கத்து வாசகி ஒருவர்
9 மார்ச் 2025, ஞாயிறு மாலை

என் அண்ணன் பதினான்கு வருஷம் குடித்தான். அண்ணியை அடித்தான். அம்மாவின் வைத்தியத்துக்கு வைத்திருந்த காசைத் தூக்கிக்கொண்டு போனான். நாலு மாதமாகக் குடிக்கவில்லை, இரட்சிக்கப்பட்டுவிட்டேன் என்கிறான். இன்றைக்குச் சபையில் சாட்சி சொன்னான். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள், அம்மா அழுதார். எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் வீட்டைத் தாங்கியது நானும் அண்ணியும். எங்களுக்காக யாரும் அல்லேலூயா சொன்னதில்லை. கிருபை என்றால் இதுதானா? எனக்கு விசுவாசம் போய்விட்டதா?

இனி வருவதெல்லாம் பதில் எழுதுகிற டிக்கோயா டீச்சரின் குறிப்புகள்

9 மார்ச், இரவு 11.40

தங்கச்சி, விசுவாசம் எங்கேயும் போகவில்லை. நீங்கள் கேட்டது வேதத்திலேயே இருக்கிற கேள்வி. மத்தேயு 20ஐ எடுத்துப் பாருங்கள், திராட்சத்தோட்டத்துக் கூலியாட்களின் உவமை. விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரு பணம், பொழுது சாய வந்தவனுக்கும் ஒரு பணம். பகலெல்லாம் வெயிலில் நின்றவர்கள் முறுமுறுத்தார்கள். நாமும் முறுமுறுப்போம்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்த உவமைக்கு விளக்கவுரை தேவையில்லை. காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்குப் பிந்திப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நிர்ணயித்த கிலோ கொழுந்து எடுக்கவில்லை என்றால் கணக்கப்பிள்ளை அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, போடுவார். என் அம்மா காய்ச்சலோடு மலைக்குப் போய், இரண்டு கிலோ குறைந்ததற்காக அரைப்பேரோடு வீட்டுக்கு வந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த அம்மாவிடம் போய், ஒரு மணி நேரம் நின்றவனுக்கும் முழுப்பேர் போட்டார்கள் என்று சொல்லிப் பாருங்கள்.

என் அப்பா இருபத்திரண்டு வருஷம் குடித்தார். சம்பள நாளில் அம்மாவின் சம்பளத்தையும் அவரே கையெழுத்து வைத்து வாங்குவார். அது நேராகத் தவறணைக்கு, குடிக்கிற கடைக்கு, போகும். 1989இல் நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் தோடு அடகுக்குப் போனது, திரும்பவில்லை. அன்றிலிருந்து அம்மா விளக்குமாற்றில் ஒரு ஈர்க்கை முறித்துக் காதில் சொருகிக்கொண்டு வேலைக்குப் போனார். அந்த ஈர்க்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவமானமாக இருக்கும்.

1997இல், ஐம்பத்தொரு வயதில், அப்பா குடியை விட்டார். சபையில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. உங்களுக்கு எரிந்த மாதிரியே எனக்கும் எரிந்தது. அதனால்தான் தூங்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

10 மார்ச், காலை

பஸ்ஸுக்கு நிற்கும்போது தோன்றியது. அந்த உவமையில் வீட்டெஜமான் கூலி கொடுத்த வரிசையைக் கவனித்தீர்களா? கடைசியில் வந்தவர்களுக்கு முதலில் கொடுக்கச் சொல்கிறார். விடிய வந்தவர்களுக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருந்தால், அவர்கள் ஒரு பணத்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். சண்டையே வந்திருக்காது.

அவர் வேண்டுமென்றே அவர்களை நிற்க வைத்துப் பார்க்க வைக்கிறார். முறுமுறுப்பு வரும் என்று அவருக்குத் தெரியும். வரட்டும், வாய்விட்டுச் சொல்லட்டும் என்று விடுகிறார். சொன்ன பிறகும் ‘சிநேகிதனே’ என்றுதான் கூப்பிடுகிறார். உங்கள் வயிற்றெரிச்சலை அவரிடமே சொல்லலாம், தங்கச்சி. கோபிக்க மாட்டார்.

13 மார்ச்

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி, “டீச்சர், மனுஷனும் தேயிலை மாதிரிதான். கவ்வாத்து வெட்டினால் செத்த மாதிரி நிற்கும், அப்புறம் துளிர்க்கும். அதுதான் கிருபை” என்று எழுதியிருக்கிறார். பிரசங்கத்தில் நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். மனதுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் தம்பி, எனக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

என் அப்பா கவ்வாத்து வெட்டியவர். மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை, மேட்டு மலைகளில் இன்னும் கொஞ்சம் தள்ளி, ஒவ்வொரு மலையும் கவ்வாத்துக்கு வரும். முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் ஒரு இலை இருக்காது. இரண்டு மூன்று மாதத்தில் துளிர் வரும். அது எங்கிருந்து வருகிறது? வேரிலிருக்கிற மாவுச்சத்திலிருந்து. அதனால்தான் வெட்டுவதற்கு முன்னால் மலையைக் கொஞ்ச நாள் ஆற விடுவார்கள். வேரை வெட்டி அயோடின் விட்டுப் பார்ப்பதும் உண்டு. கறுநீலமானால் மாவு இருக்கிறது, வெட்டலாம். நிறம் மாறவில்லை என்றால் வெட்டக்கூடாது, செடி செத்துவிடும். வெட்டிய மலையில் அப்படிச் செத்து நிற்கிற செடிகளை நான் எண்ணியிருக்கிறேன்.

அதாவது தேயிலை தன் சொந்தச் சேமிப்பிலிருந்துதான் துளிர்க்கிறது. 1997இல் என் அப்பாவின் வேரில் அயோடின் விட்டுப் பார்த்திருந்தால் ஒன்றும் இருந்திருக்காது. ஈரல் கெட்டு, கை நடுங்கி, கடன்காரர்களுக்குப் பயந்து பின்பக்கமாக லயத்து வீட்டுக்கு வருகிற மனுஷன். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க மாட்டார். அவருக்குள்ளே ஒன்றும் மிச்சமில்லை. அவர் எழும்பினார் என்றால் அது அவருடைய வேரிலிருந்து வரவில்லை. கவ்வாத்து உவமை சொன்னால் இந்த இடம் மறைந்துபோகிறது. மனுஷனுக்குள்ளே நல்லது கொஞ்சம் ஒளிந்திருந்தது, கஷ்டம் அதை வெளியே கொண்டுவந்தது என்று ஆகிவிடும். கிருபை அதுவல்ல.

14 மார்ச்

தலவாக்கலைத் தம்பி யோவான் 15ஐக் காட்டியிருக்கிறார். கனி கொடுக்கிற கொடியைச் சுத்தம்பண்ணுகிறார் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே என்கிறார். சரிதான், நேற்று நான் கொஞ்சம் வேகமாக எழுதிவிட்டேன். ஆனால் அங்கே கொடி செடியில் இருக்கிறது, சாறு செடியிலிருந்து வருகிறது. அப்படிச் சொன்னால் எனக்குப் பிரச்சினையில்லை.

17 மார்ச்

கூலி என்று எழுதியதும் இன்னொன்று ஞாபகம் வந்தது. 1854இல் கண்டிப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் நம் ஆட்களுக்காகத் தொடங்கிய மிஷனுக்கு ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்றே பெயர் வைத்தார்கள். தேயிலைத் தோட்டம் 1867இல்தான் வந்தது, அதற்கு முன்னாலேயே நமக்கு அந்தப் பெயர் விழுந்துவிட்டது. உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்து போய், கூலி என்று கூப்பிடப்பட்டவர்களிடம் ரோமர் நிருபத்தை வாசித்தார்கள். நாலாம் அதிகாரம் நாலாம் வசனத்தில் கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்று எண்ணப்படாது, கடனென்று எண்ணப்படும் என்று வருகிறது. ஆறாம் அதிகாரத்தில் பாவத்தின் சம்பளம் மரணம் என்று இருக்கிறது. கூலி, கடன், சம்பளம். மூன்றும் நம் வீட்டில் தினமும் புழங்கிய வார்த்தைகள். கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் ஏறாத ஒன்று இருக்கிறது என்று முதன்முதலாகக் கேட்டவர்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

20 மார்ச்

சாட்சி விஷயத்துக்கு வருகிறேன். பலருக்குப் பிடிக்காமல் போகலாம்.

தங்கச்சி தனியாக எழுதியிருந்ததில் ஒரு பகுதியை அவருடைய அனுமதியோடு சொல்கிறேன். அண்ணன் சாட்சி சொன்னபோது, அண்ணியை எப்படி அடித்தேன் என்பதை விலாவாரியாகச் சொல்லியிருக்கிறார். அண்ணி மூன்றாவது வாங்கில் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்.

இது தப்பு. அடித்த கதை அடித்தவனுக்கு மட்டும் சொந்தமில்லை, அடி வாங்கியவருக்கும் சொந்தம். அவரிடம் கேட்காமல் மேடையில் சொல்லக்கூடாது. நான் சபை மூப்பராக இருந்தால் இதை விதியாகவே வைத்துவிடுவேன். நாலு மாதத்தில் மைக்கைக் கையில் கொடுப்பதும் அந்த மனுஷனுக்கே நல்லதில்லை. ஊர் பார்க்கிற இடத்தில் நிற்கப் பழகியவன் நாளைக்கு விழுந்தால் எங்கே போய் ஒளிவான்?

எங்கள் போதகர் அப்பாவைச் சாட்சி சொல்லக் கேட்டார். அப்பா, “என் சாட்சிய வீட்ல போய் கேளுங்க ஐயா” என்றார். வீட்டில் கேட்டிருந்தால் அந்தச் சமயம் நான் ஒன்றும் நல்லதாகச் சொல்லியிருக்க மாட்டேன். அவருக்கும் அது தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

நாம் பாடுகிற ‘அமேசிங் கிரேஸ்’ பாட்டை எழுதிய ஜான் நியூட்டனைப் பாருங்கள். அடிமைக் கப்பலில் இருந்தவர். 1748இல் புயலில் சிக்கி ஆண்டவரைக் கூப்பிட்டார், அன்றைக்கே அந்தத் தொழிலை விட்டார். அப்படி ஒரு கிருபை.

22 மார்ச்

நியூட்டனைப் பற்றி நான் எழுதியது பிழை. கண்டியிலிருந்து ஒரு ஐயா திருத்தியிருக்கிறார், நன்றி. தேடிப் பார்த்தேன். புயல் 1748இல்தான். ஆனால் அதற்குப் பிறகு 1754 வரைக்கும் அவர் அடிமைக் கப்பல்களில் போய்க்கொண்டுதான் இருந்தார், கப்பல் தலைவராகவே போனார். நோய் வந்துதான் கடலை விட்டார். 1764இல் குருவானார். அந்தப் பாட்டு 1773 புதுவருஷ ஆராதனைக்கு எழுதியது. அடிமை வியாபாரத்துக்கு எதிராக, தன் பங்கையும் ஒத்துக்கொண்டு, வெளிப்படையாக எழுதியது 1788இல். புயலிலிருந்து எண்ணினால் நாற்பது வருஷம்.

இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு மனசு சரியில்லை. அன்றைக்கே விட்டார் என்ற கதைதான் எனக்குப் பிடித்திருந்தது. ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இனி மாற்றிச் சொல்ல வேண்டும். மேல்தட்டில் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தவருக்குக் கீழ்த்தட்டில் சங்கிலியோடு கிடந்தவர்களைத் தெரியவில்லை. இரட்சிக்கப்பட்டவனுக்கு, தான் நொறுக்கின ஆட்கள் கண்ணில் படவே வருஷக்கணக்காகும் போலிருக்கிறது. தங்கச்சி, உங்கள் அண்ணனுக்கு இப்போது நாலு மாதம். உங்களையும் அண்ணியையும் அவர் இன்னும் பார்க்கவில்லை. இது சாக்கு இல்லை. பார்க்கச் சொல்லி யாராவது அவரிடம் சொல்லத்தான் வேண்டும். அது நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

30 மார்ச்

“உங்கள் அப்பா அதற்குப் பிறகு குடிக்கவே இல்லையா” என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

குடித்தார். இரண்டு முறை. முதல்முறை ஆறாம் மாதம், ஒரு சாவு வீட்டில். இரண்டாவது 1999இல், மூன்று நாள் வீட்டுக்கே வரவில்லை. நான்காம் நாள் விடியற்காலை மழையில் நனைந்து வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். கதவைத் தட்டவில்லை. நான் ஜன்னலால் பார்த்துவிட்டுத் திறக்காமல் நின்றேன். அம்மா எழும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்தார். “குளிர் காயச் சொல்லு” என்று என்னிடம் சொன்னார். அவ்வளவுதான். அப்பா வந்து அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தார். அம்மா ரொட்டி தட்டினார். ஒருவரும் பேசவில்லை.

ரொம்ப வருஷத்துக்குப் பிறகு யோவானை வாசிக்கும்போது அந்தக் காலை ஞாபகம் வந்தது. ஆண்டவரைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்தது எங்கே? பதினெட்டாம் அதிகாரத்தில், பிரதான ஆசாரியரின் முற்றத்தில், கரிநெருப்புக்குப் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டு. இருபத்தோராம் அதிகாரத்தில் ஆண்டவர் கரையில் என்ன வைத்திருந்தார்? கரிநெருப்பு. அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். மூலத்தில் அந்தச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு இடத்தில்தான் வருகிறதாம். அந்த வாசனை மூக்கில் ஏறியபோது பேதுருவுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் முதலில் சாப்பிடக் கூப்பிடுகிறார். கேள்வி சாப்பாட்டுக்குப் பிறகுதான் வருகிறது. மூன்று மறுதலிப்புக்கு மூன்று கேள்வி. நடந்ததை நடக்காத மாதிரி விடவும் இல்லை.

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதையெல்லாம் அவர் வாசித்ததில்லை.

31 மார்ச்

நேற்று எழுத விட்டுப்போனது. திருவிருந்து நாளில் எங்கள் சபையில் சின்னச் சின்னக் கண்ணாடிக் குவளைகளில், மரத் தட்டில் வைத்துத் தருவார்கள். குடித்துப் பழகியவர்கள் சபையில் இருக்கிறார்கள் என்று போதகரம்மா முந்தின இரவே உலர்ந்த திராட்சையை ஊறப் போட்டு, அவித்துப் பிழிந்து, அந்தச் சாற்றைத்தான் ஊற்றுவார். அப்பா குவளையை எடுக்கும்போது கை நடுங்கி, பக்கத்துக் குவளைகளில் பட்டு ‘கிணிங் கிணிங்’ என்று சத்தம் கேட்கும். கோயில் முழுவதும் அமைதியாக இருக்கும், அந்தச் சத்தம் மட்டும் கேட்கும். போதகர் தட்டை அசைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பார், எவ்வளவு நேரமானாலும். அந்த நடுக்கம் 2012இல் அப்பா சாகும் வரைக்கும் நிற்கவில்லை.

6 ஏப்ரல்

நடுக்கம் நிற்கவில்லை என்று எழுதியதற்கு, “அப்படியானால் முழு விடுதலை இல்லையே, விசுவாசக் குறைவாக இருக்கலாம்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்கு 2 சாமுவேல் ஒன்பதாம் அதிகாரம்.

மேவிபோசேத், யோனத்தானின் மகன், தாவீதுக்கு முந்தின ராஜாவான சவுலின் பேரன். ஐந்து வயதில் தாதி தூக்கிக்கொண்டு ஓடும்போது விழுந்து இரண்டு காலும் போனது. அவன் செய்த பிழை ஒன்றுமில்லை. லோதேபாரில் யாரோ ஒருவர் வீட்டில் ஒதுங்கிக் கிடந்தவனைத் தாவீது கூப்பிட்டு அனுப்பினான், கொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பயந்தே வந்திருப்பான். ராஜாவின் பந்தியில் உட்கார வைத்தான். அந்த அதிகாரத்தில் பந்தியில் சாப்பிட்டான் என்பது நாலு தரம் வருகிறது. கடைசி வசனத்தையும் பாருங்கள்: நித்தம் ராஜாவின் பந்தியில் சாப்பிட்டான், அவனுக்கு இரண்டு காலும் முடமாயிருந்தது. கால் சரியானது என்று எழுதவில்லை. ஒவ்வொரு வேளையும் யாராவது அவனைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைத்திருப்பார்கள்.

என் அப்பாவின் கை நடுங்கியது. அந்தக் கையில்தான் போதகர் குவளையை எடுக்கவிட்டார். விசுவாசக் குறைவு என்று சொன்னவர் தயவுசெய்து இதை நோயாளி யாரிடமும் போய்ச் சொல்ல வேண்டாம். மன்றாடிக் கேட்கிறேன்.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு கத்தோலிக்கச் சகோதரி, நாங்கள் அருள் என்போம், நீங்கள் கிருபை என்கிறீர்கள், இரண்டும் ஒன்றா என்று கேட்டிருக்கிறார். ஒன்றுதான் அம்மா. அருள் என்ற சொல் எனக்கும் பிடிக்கும்.

14 ஏப்ரல், வருஷப்பிறப்பு

இந்த வருஷம் பெரிய கிழமையில் சித்திரை பிறந்திருக்கிறது. பக்கத்து லயத்தில் பொங்கிய பால்பொங்கல் வந்தது.

வருஷப்பிறப்பு என்றால் எனக்குத் தோடுதான் ஞாபகம் வரும். 2001இல் அப்பாவுக்கு ஐம்பத்தைந்து ஆனது, சேமலாப நிதிக் காசு கிடைத்தது. கடன் கொடுத்தவர்கள் வீடு வீடாகப் போய்க் கொடுத்தார். ஆயக்காரன் சகேயு நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான் என்று லூக்கா 19இல் இருக்கிறது, அப்பாவால் அசலைத்தான் கொடுக்க முடிந்தது, அதுவும் சிலருக்குப் பாதி. மிச்சத்தில் ஹட்டனுக்குப் போய் ஒரு சோடித் தோடு வாங்கி வந்தார். பழையதை விடச் சின்னது. சித்திரை பிறந்த அன்று காலை, சிவப்புக் காகிதத்தில் சுற்றியிருந்ததை அடுப்பங்கரைத் திண்ணையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். கையில் கொடுக்கவில்லை.

அம்மா காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார். கண்ணாடி முன்னால் நின்று, காதிலிருந்த ஈர்க்கை உருவினார். பன்னிரண்டு வருஷம், எத்தனையாவது ஈர்க்கு என்று தெரியாது. தோடு சட்டென்று ஏறியது. மறு காதும் அப்படியே. ஈர்க்கை அடுப்பில் போட்டுவிட்டுத் தேங்காய் துருவ உட்கார்ந்தார்.

நான் சாதாரண தரத்தில் திரும்ப எழுத வேண்டிவந்த இரண்டு பாடங்களுக்கு அப்பா ஒன்றும் திருப்பித் தரவில்லை, தரவும் முடியாது. வெட்டுக்கிளி தின்ற வருஷங்களைத் திரும்பத் தருவேன் என்று யோவேலில் இருக்கிறது. அதை என் அப்பாதான் தர வேண்டும் என்று ரொம்ப நாள் கணக்கு வைத்துக்கொண்டிருந்தேன். கொடுக்கிறேன் என்று சொன்னவர் யார் என்பதை நான் சரியாக வாசிக்கவில்லை.

16 ஏப்ரல்

தங்கச்சி கேட்கிறார்: “ஈஸ்டர் அன்றைக்கு அண்ணன் சாப்பிட வருகிறான். மன்னித்துவிட்டேன் என்று நான் சொல்ல வேண்டும் என்று அம்மா எதிர்பார்க்கிறார். சொல்லட்டுமா?”

மனசில் இல்லாததைச் சொல்ல வேண்டாம். லூக்கா 15இல், கெட்ட குமாரன் வீடு திரும்பிய கதையில், மூத்தவன் கோபத்தோடு வெளியே நிற்கிறான். தகப்பன் விருந்தை விட்டுவிட்டு அவனிடமும் வெளியே வருகிறார், வருந்திக் கூப்பிடுகிறார். இளையவனுக்காக ஓடின கால்தான் மூத்தவனுக்காகவும் வெளியே வருகிறது. மூத்தவன் உள்ளே போனானா? எழுதவில்லை. அதே இரவுக்குள் போயே ஆக வேண்டும் என்று தகப்பன் கெடு வைக்கவும் இல்லை.

நான் அப்பாவிடம் அந்த வார்த்தையைச் சொன்னது 2009இல். பன்னிரண்டு வருஷம் பிடித்தது. அவர் கேட்டதில்லை. நான் சொன்னபோது, “சரி பிள்ள” என்று மட்டும் சொன்னார்.

இன்னொன்று, இது முக்கியம். அண்ணன் திரும்பக் கை நீட்டினால் அண்ணி அந்த வீட்டில் இருக்க வேண்டியதில்லை. மன்னிப்பு வேறு, ஒரே கூரையின் கீழ் இருப்பது வேறு. சபையில் யாராவது இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் கேட்காதீர்கள்.

20 ஏப்ரல், உயிர்ப்பு ஞாயிறு இரவு

தங்கச்சி எழுதியிருக்கிறார். அண்ணன் வந்தாராம். பேசவில்லை, சோறு போட்டேன் என்கிறார். கை கழுவப் போகும்போது அண்ணன், “அண்ணியைப் பற்றி நான் அங்கே சொல்லியிருக்கக் கூடாது” என்றாராம். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. தங்கச்சி, “அதை அண்ணியிடம் சொல்லு” என்று சொல்லிவிட்டுக் கறிச்சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாராம்.

விடியற்காலை ஆராதனைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். முட்டி வலியோடு படியேறினார். காதில் அதே தோடு. திரும்பி வரும்போது, இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன். அப்பா தோடு வாங்கித் தருவார் என்று நம்பித்தானா அந்த ஈர்க்கைப் போட்டிருந்தீர்கள் என்று.

“அதெல்லாம் எனக்கு என்ன தெரியும்” என்றார். “தூந்து போனா திரும்பக் குத்தணும், வலிக்கும்னு வச்சிருந்தேன்.”

கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “மறந்துட்டா ராத்திரி ஒங்க அப்பாதான் ஞாபகப்படுத்துவாரு. குடிச்சிருந்தாலும்” என்றார்.

இது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.